ஒரு மரத்துக்கு ஒரு துளை

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் சகவாசம் எல்லாம் இயந்திரத்தோடுதான். அது கத்தினால் எண்ணெய் விடுவேன், முரண்டு பிடித்தால் ஒரு தட்டுத் தட்டுவேன், அதோடு சரி. ஆனால் அண்ணன் வீட்டுப் பின்னறையில் குடியிருந்துகொண்டு, அண்ணி கையால் மூன்று வேளையும் வாங்கித் தின்றுகொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் எவன் நம்புவான்? அண்ணனுக்கு ருசி போய்விட்டது என்பது அண்ணிக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மாவுப் பட்டறைக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு அறை கொடுத்தவர். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு நாக்குக்காரர் என்று பெயர். வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் 'வா' என்பார், மாலையில் 'சாப்பிடு' என்பார், இடையில் பேசினால் காசு கேட்பார் போல. மாவுப்பனை வெட்டுகிற பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று மென்று பார்த்துச் சொல்பவர். அதனால் அந்தப் பெயர்.

அந்த மரத்தின் சாப்பாடு காயில் இல்லை, கதிரில் இல்லை. நடுமரத்துக்குள் இருக்கிறது. பட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, நாரும் மாவும் கலந்த சதை. அதைச் சோறு என்போம். துருவி, தண்ணீர் ஊற்றி மிதித்து, துணியில் வடித்துத் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் மாவு கட்டிநிற்கும். மழை மாதங்களில் அந்த மாவுக் கூழைத் தவிர அடுப்பில் வேறு எதுவும் ஏறாது. பிள்ளை பிறந்து மீசை முளைக்கிற வயது வரைக்கும் மரம் அதைச் சேர்த்துவைக்கும். பிறகு ஒரே ஒரு முறை உச்சியில் பாளை விடும். உள்ளே இருந்ததை எல்லாம் அந்தப் பாளைக்கே கொட்டிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். பாளை விட்ட மரத்தைப் பிளந்தால் நாரும் காற்றும்தான். முந்தி வெட்டினாலும் போச்சு, பிந்தி வெட்டினாலும் போச்சு.

வருகிற மாவில் பாதி மரத்துக்காரருக்கு, பாதி பட்டறைக்கு. அங்கேதான் வம்பு. பானை காலியானவர் 'நல்ல பக்குவம், வெட்டுங்க' என்பார். பட்டறைக்காரர் 'எளசுப்பா, கூலிக்குக்கூடத் தேறாது' என்பார். இரண்டு பேரும் அவரவர் வயிற்றுக்குப் பேசுவார்கள். நடுவில் ஒருவர் வேண்டியிருந்தது. அண்ணன் மரத்தில் நெஞ்சு உயரத்துக்குத் துரப்பணத்தை வைத்து ஒரே ஒரு துளை போடுவார். நுனியில் வரும் சோற்றை வாயில் போட்டுக் கண்ணை மூடி மெல்வார். துவர்த்தால் இளசு. சப்பென்று பல்லில் ஒட்டினால் பக்குவம். லேசாகத் தித்தித்தால் மரம் பாளைக்குத் தயாராகிவிட்டது, உடனே சாய்த்துவிட வேண்டும். துப்பிவிட்டு, துளையைக் களிமண்ணால் அடைத்துவிட்டு, 'வெட்டுங்க' என்பார், அல்லது 'பொறுங்க' என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இதற்காகப் பட்டறையில் அவருக்கு மாவாகவே படி அளந்தார்கள்.

வெயில் காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆளை உலுக்கி எடுத்துவிட்டு ஒருவழியாக விட்டது. எழுந்தார், குளித்தார், வேலைக்குப் போனார். எல்லாம் பழையபடி என்றுதான் நினைத்தோம்.

ஒரு நாள் காலையில் கூழில் உப்பே இல்லை. நான் ஒரு வாய் வைத்ததும் "அண்ணி, உப்..." என்று ஆரம்பித்தேன். அண்ணி அடுப்படியிலிருந்து பார்த்த பார்வையில் மீதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அண்ணன் வழித்துக் குடித்தார். மறுநாள் மத்தியானம் மீனில் கடல் உப்பையெல்லாம் கொட்டி வைத்திருந்தாள். எனக்கு நாக்கு வெந்துபோனது.

"எப்படி இருக்கு?" என்றாள் அண்ணி.

"நல்லாருக்கு" என்றார் அண்ணன்.

"இன்னும் ஒரு துண்டு வைக்கட்டுமா?"

"வை."

அண்ணி வைத்தாள். பிறகு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"என்னது?"

"என்னதுன்னு எங்கிட்டயே கேக்குறீங்களா? தம்பி மூஞ்சியைப் பாருங்க, அழுதுருவான் போல இருக்கு. நீங்க இன்னொரு துண்டு கேக்குறீங்க."

அண்ணன் கையில் எடுத்த மீனைத் தட்டில் வைத்தார். "காய்ச்சல்லேர்ந்து" என்றார்.

"ஏன் சொல்லல?"

"வந்துரும்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

"வரல."

"காய்ச்சலுக்கு அப்புறம் சொன்ன மரமெல்லாம்?"

"மட்டை குட்டையாயிருக்கான்னு பாத்தேன். சோத்தைக் கையில தேச்சுப் பாத்தேன். தப்பாப் போகல."

"இதுவரைக்கும் போகலன்னு சொல்லுங்க. மட்டையைப் பாத்துச் சொல்றதுக்கு நீங்க எதுக்கு? அதைத்தான் கண்ணிருக்கிற எல்லாரும் சொல்லிடுவாங்களே. பாதி நேரம் அது பொய்யாப் போகுதுன்னுதானே உங்களைக் கூப்புடுறாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இது வெளிய போச்சு, இந்த வீட்ல உனக்குச் சாப்பாடு கிடையாது."

"அண்ணி, நீங்க இப்படியே சமைச்சீங்கன்னா நானே வெளிய போயிடுவேன்" என்றேன். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏற்பாடு அண்ணியுடையதுதான். மரத்தடியில் அண்ணன் வழக்கம்போல மெல்வார், துப்புவார். கொஞ்சம் சோற்றை ஓலையில் மடித்து மடியில் வைத்துக்கொள்வார். 'நாளைக்குச் சொல்றேன்' என்பார். வீட்டில் அண்ணி மென்று பார்த்துச் சொல்வாள். "உனக்குத் தெரியுமா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "உங்களோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன், ஒரு மரம் தெரியாதா எனக்கு?" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், இதனால் அவர் மதிப்பு கூடிவிட்டது. "நாக்குக்காரரு இப்பல்லாம் சட்டுனு சொல்றதில்ல, ஒரு ராத்திரி வச்சுப் பாத்துத்தான் சொல்றாரு" என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். பட்டறைக்காரர்கூட, "பொறுப்பு வந்துருச்சுப்பா ஆளுக்கு" என்றார். நான் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன். அண்ணிக்கும் கை வந்துவிட்டது. சொன்ன மரமெல்லாம் மாவைக் கொட்டியது.

அண்ணியின் தங்கை ஓடைக்கு அந்தக் கரையில் இருந்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். வயதுதான் சின்னது, வாய் பெரியது. புருஷனுக்குக் கப்பலில் வேலை, வந்தால் உண்டு. இரண்டு பெண் குழந்தைகள், படுத்த படுக்கையாக மாமனார், வீட்டை ஒட்டி ஒரே ஒரு மாவுப்பனை. மழை மாதங்களை அந்த ஒரு மரத்தை வைத்துத்தான் தாண்ட வேண்டும். மழை தொடங்கி ஓடை நிறையும்போதுதான் மரத்தைத் துண்டு போட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுவர முடியும். வெள்ளம் முற்றிவிட்டால் துண்டுகளை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் அந்த நாட்களில் எல்லோருக்கும் அவசரம்.

அண்ணன் அவள் மரத்தில் துளை போட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். மரம் இழுக்கிற கப்பி அந்தக் கரையில் சிக்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கப் போயிருந்தேன்.

"மாமா, கையோட சொல்லிட்டுப் போங்க" என்றாள் சின்னவள். "பானையில அடி தெரியுது. காலையில வெட்டுற ஆளுங்க இந்தப் பக்கந்தான் வராங்களாம்."

அண்ணன் மென்றார், துப்பினார், களிமண்ணை அடைத்தார். "நாளைக்குச் சொல்றேன்."

"மச்சினிச்சிக்குமா நாளைக்கு? ரொம்பத்தான் கிராக்கி. அக்கா இருக்கிறதாலதான் சும்மா விடுறேன்."

"காலையில வந்துடுறேம்மா" என்றார் அண்ணன்.

நேராக வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வழியில் பட்டறைக்காரர் பிடித்துக்கொண்டார். தொட்டியில் மதகு உடைத்துக்கொண்டு தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கி மண் போட்டோம். மேலே மழை, கீழே சேறு. வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்தாயிற்று. அண்ணன் மடியிலிருந்து ஓலையை எடுத்துக் கொடுத்தார்.

"என்னங்க இது, செவசெவன்னு ஆயிருக்கு" என்றாள் அண்ணி. அறுத்த சோறு காற்றுப் பட்டால் அப்படித்தான் ஆகும். வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குது."

"புளிப்பு இருக்கட்டும். அதுக்கு அடியில என்ன?"

"தெரியல. புளிப்புதான் நிக்குது. துவர்ப்பு மாதிரியும் இருக்கு."

"தித்திப்பு?"

"இல்ல... இருக்கிற மாதிரி தெரியல. காலையில போய் இன்னொரு வாட்டி எடுத்துட்டு வாங்களேன். ஓடுற ஓட்டமா வந்துருங்க."

"ஒரு மரத்துக்கு ஒரு துளைதான்" என்றார் அண்ணன். அது அவர் கட்டிக் காத்த கௌரவம். அந்தப் பக்கத்தில் எந்த மரத்தைப் பார்த்தாலும் அவர் போட்ட துளை ஒன்றுதான் இருக்கும். "ரெண்டாவது போட்டா என்னாச்சு நாக்குக்காரனுக்குன்னு அங்கயே கேப்பாங்க. அதுவும் உன் தங்கச்சி."

அண்ணி யோசித்தாள். "அப்ப பொறுக்கச் சொல்லுங்க. எளசா இருந்து வெட்டிட்டா போனது போனதுதான். பொறுத்தா மரம் எங்க ஓடிடப் போகுது?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அண்ணன் விடிந்ததும் ஓடையைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "என்ன சொன்னா?" என்று அண்ணி கேட்டாள். "சரின்னா" என்றார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் மழை விட்டிருந்தது. அண்ணி முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தக் கரையில், மற்ற மரங்களுக்கு மேலே, மான் கொம்பு மாதிரி ஒரு பாளை கிளைத்து நின்றது. முந்தின நாள் வரை மேகம் இறங்கிக் கிடந்ததில் யார் கண்ணிலும் படவில்லை. அண்ணியும் பார்த்துவிட்டாள். குனிந்து அதே சட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

சின்னவள் வந்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தாள். படகுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"உள்ள வா, துணியை மாத்து" என்றாள் அண்ணி.

"உள்ள வந்து? மேல பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சட்டி தேச்சுட்டிருக்கே? மாமா எங்க?"

அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"எளசுன்னு சொன்னீங்க" என்றாள் சின்னவள். "எந்த ஊர்ல எளசு மரம் பாளை விடுது? சொல்லுங்க, நானும் போய்ப் பாத்துட்டு வரேன்."

அண்ணன் அந்தக் கரையை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க நாக்கு தப்பாது. எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அப்ப வேணும்னேதான் சொல்லியிருக்கீங்க. ஏன்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். இந்தா நிக்குதே, உங்க வீட்டு மரம், பக்குவத்துக்குக் காத்துட்டு. ஆளுங்க அந்தக் கரைக்கு வந்துட்டா இந்தக் கரைக்குத் திரும்ப நாளாகும், அதுக்குள்ள வெள்ளம் வந்துரும். அதுக்காக என்னைத் தள்ளிப் போட்டீங்க. இதுதானே?"

"அடிப்பாவி, அப்படியெல்லாம் இல்லடி" என்றாள் அண்ணி.

"வேற எப்படி? நீயே சொல்லு. கூடப் பொறந்தவ குடியைக் கெடுக்கிறதுக்கு உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு? மழைக்கு எம்புள்ளைங்க என்னத்தைத் தின்னும்? அந்தப் பாளையைப் பறிச்சு வேகவைக்கவா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அக்கா தங்கை சண்டை, பத்து நாள் பேசாமல் இருப்பார்கள், பிறகு யாராவது காய்ச்சலில் விழுந்தால் ஓடி வருவார்கள். படி போனால் திரும்ப வராது. நான் அண்ணி இடத்தில் இருந்திருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

"உன் மரத்தைச் சொன்னது அவரு இல்லடி" என்றாள் அண்ணி. "நான்."

"நீயா?"

"அவருக்கு வாயில ஒண்ணும் தெரியல. காய்ச்சலோட போயிடுச்சு. நான்தான் மென்னு சொல்லிட்டிருக்கேன். உன் மரத்துச் சோறு வர்றதுக்குள்ள புளிச்சுப்போச்சு. எனக்குப் புரியல. பொறுக்கச் சொன்னது நான்."

சின்னவள் முதலில் சிரித்தாள். "நீ எப்போ நாக்குக்காரி ஆனே?" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்று, ஈரத் துணியோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெக்கானிக்கே, உனக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும். மரத்துக்காரிக்கு மட்டும் தெரியாது. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே மென்னு பாத்திருப்பேனே. எனக்கு வாய் இல்லையா?"

அண்ணி அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக அழுதாள்.

அண்ணன் படியிறங்கி வந்தார். "எங்க மரத்தை நீ எடுத்துக்கம்மா. எங்க பங்கு மாவு முழுக்க உனக்குத்தான்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"படி வருதுல்ல. ஓட்டிக்குவோம்."

"கொடுங்க, வாங்கிக்கறேன். வேணாம்னு சொல்ல எனக்கு வக்கில்ல." எழுந்தாள். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கக்கா வயித்துல நான் அடிக்க மாட்டேன். ஆனா ரெண்டு பேரும் எம்மூஞ்சியில முழிக்காதீங்க."

வந்த வழியே தண்ணீரில் இறங்கிப் போனாள். அண்ணி உலர்ந்த சேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கரை வரை பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

அண்ணன் எங்கள் வீட்டு மரத்தில் துளை போட்டார். கொல்லைப்புறம்தானே, சோறு சிவப்பதற்குள் அண்ணி வாயில் இருந்தது. "சப்புன்னு பல்லுல ஒட்டுது. பால் மாதிரி மாவு. அருமையான பக்குவம்" என்றாள். துளி சந்தேகம் இல்லை அவளுக்கு. ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினோம்.

பட்டறைக்காரரே குடையோடு வந்துவிட்டார். வெள்ளம் வருவதற்கு முன்னால் அதுதான் கடைசி மரம். வெட்டுகிற ஆட்கள் கோடாரியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கப்பியை மாட்டிவிட்டு நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, சொந்த மரத்துக்கும் யோசனையா?" என்றார் பட்டறைக்காரர். "சொல்லு, வெட்டலாமா?"

'வெட்டுங்க' என்று ஒரு வார்த்தை. மரம் நல்ல மரம், பொய்யும் இல்லை. அண்ணி பின்வாசலில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் அண்ணன்.

"என்ன தெரியாது?"

"பக்குவம் தெரியாது. எனக்கு ருசி போயிடுச்சுங்க. காய்ச்சல்லேர்ந்து."

அட மனுஷா! எனக்கு வந்த ஆத்திரத்தில் கயிற்றை விட்டுவிட்டேன். கப்பி கடகடவென்று ஓடி மேலே முட்டிக்கொண்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டறைக்காரர் குடையை மடக்கினார். மழை பெய்துகொண்டிருந்தது, இருந்தும் மடக்கினார்.

"அப்ப இந்த மழைக்கு நீ சொன்ன மரமெல்லாம்?"

"வீட்ல மென்னு பாத்துச் சொன்னா. சரியாத்தான் சொன்னா. ஒண்ணு தப்பாப் போச்சு."

"எது?"

அண்ணன் ஓடைக்கு அந்தக் கரையைக் கையால் காட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அது தானா முந்திக்கிச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார் வெட்டுகிறவர்களில் பெரியவர்.

பட்டறைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாக்கு போனாப் போகுது, வாய் இருந்துச்சுல்ல, வந்து சொல்றதுக்கு என்ன கேடு? உன்னை வச்சுத்தானே நான் எல்லார்கிட்டயும் நிமிர்ந்து பேசினேன். நாளைக்கு எவன் என்னை நம்பி மரத்தைக் கொடுப்பான்? அந்தத் துரப்பணத்தைக் கொடு இங்க."

அண்ணன் கொடுத்தார். பிடியைத் துணியால் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

"மரத்தை என்ன பண்றதுங்க?" என்றார் பெரியவர். "நின்னுட்டே இருந்தா தண்ணி ஏறிடும்."

பட்டறைக்காரர் துளையில் துரப்பணத்தை விட்டுக் கொஞ்சம் சோற்றை எடுத்துத் தானே வாயில் போட்டார். மென்றார். மேலும் மென்றார். "எனக்கு ஒரு இழவும் தெரியல" என்று துப்பினார். வெட்டுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மென்றார்கள். ஒருவன் சப்பு என்றான், ஒருவன் தித்திப்பு என்றான், ஒருவன் தன் வாயில் புகையிலை இருப்பதால் கேட்காதீர்கள் என்றான். கடைசியில் பட்டறைக்காரர், "வெட்டித் தொலைங்க, அவன் மரம், அவன் பாடு" என்று குடையை விரித்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "படி கிடையாது இனிமே. வேலை வேணும்னா நாளைக்கு வந்து தொட்டியில எறங்கி மிதி" என்றார்.

மரம் சாய்ந்தது. அண்ணி சொன்னது சரிதான். அத்தனை மாவு அந்த மழைக்கு வேறு எந்த மரத்திலும் வரவில்லை. துருவி முடிக்கும்போது இயந்திரம் சூடேறி எனக்குக் கை கொப்புளித்துவிட்டது. தொட்டியில் இறங்கி அந்தச் சோற்றை மிதித்தவர்களில் அண்ணனும் ஒருவர். அண்ணி அவரிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்கவே இல்லை. நான்தான் பின்னறையில் படுத்துக்கொண்டு அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒரு மத்தியானம் மழை ஓய்ந்தபோது மரத்துக்காரர் பங்கு மாவைப் படகில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் அந்தக் கரைக்குப் போனோம். சின்னவள் வீட்டு வாசல் முழுக்கப் பாளையிலிருந்து உதிர்ந்த பூ கிடந்தது. அவள் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பெருக்குவதை நிறுத்தினாள். மூஞ்சியில் முழிக்காதீர்கள் என்று சொன்னவள், போகச் சொல்லவில்லை.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களாமே" என்றாள் அண்ணனிடம்.

"ம்."

"நான்தான் சொல்ல மாட்டேன்னு சொன்னேனே."

"சொன்னே."

"பின்ன எதுக்கு? படியும் போச்சாமே."

அண்ணன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார். "அடுத்த மரத்துக்காரிகிட்டயும் போய் நாளைக்குச் சொல்றேன்னு சொல்லணும்" என்றார். "முடியலம்மா."

சின்னவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"அன்னைக்கு நீங்க பொறுன்னு சொல்லிட்டுப் போனீங்கல்ல, அப்ப ஆளுங்க இங்கதான் நின்னாங்க. கோடாரியோட. அந்தப் பெரியவரு சொன்னாரு, 'மட்டை குட்டையாகுதும்மா, எனக்கென்னவோ வெட்டிடலாம்னு தோணுது'ன்னு. நான்தான் அவரைச் சத்தம் போட்டேன். எங்க மாமா சொன்னா சொன்னதுதான், நீங்க யாரு குறுக்கன்னு கேட்டு அனுப்பினேன்."

"தெரியும்மா" என்றார் அண்ணன். "படகுல இருந்து கேட்டேன்."

சின்னவள் அவரையே பார்த்தாள். "கேட்டீங்களா?"

அண்ணியும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் இது தெரியாது.

"கேட்டுட்டா படகைத் தள்ளிட்டுப் போனீங்க?"

அதற்கு அவர் என்ன சொல்வார்? சின்னவள் வழியை விட்டு ஒதுங்கினாள். "உள்ள வைங்க. வலது கைப் பக்கம் ஒழுகுது, இடது பக்கமா வைங்க" என்றாள்.

அண்ணன் குனிந்து உள்ளே போனார். மூட்டையை வைத்த சத்தம் கேட்டது. ஆள் வெளியே வரவில்லை. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, இருட்டுக்குள்ளிருந்து கேட்டது. அண்ணி உள்ளே போகக் காலெடுத்தாள். சின்னவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கையை விடவில்லை. இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன மெக்கானிக்கே, வேடிக்கை பாத்துட்டு நிக்கிறே? போய் மத்த மூட்டையைத் தூக்கிட்டு வா, மழை வரப் போகுது."